புத்தகத்தைத் திறக்கும் முன்: அறிவியல் பாடம் எடுக்க ஒரு வழி

அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்து, ஜூன் மாதம் அறிவியல் வகுப்புக்குள் நுழையப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சேர்ந்த வாரத்தில் எல்லோரும் முதலில் கேட்பது பாடத்திட்டம், அடுத்து ஆய்வக அலமாரியின் சாவி. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பள்ளி இருக்கிற ஊரை ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

நான் இப்படிச் சொல்வதற்குக் காரணம் நான் வளர்ந்த இடம். காங்கேயத்துக்குப் பக்கம் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், வளர்ந்தவள் நான். எங்கள் கிணற்றில் மோட்டார் மேலே இருக்காது. பாதி ஆழத்தில் பாறையை மேடைபோல வெட்டி அதன்மேல் வைத்திருப்பார்கள். கோடையில் தண்ணீர் கீழே போகப் போக, அப்பாவும் சித்தப்பாவும் கயிறு கட்டி மோட்டாரை இன்னும் கீழே இறக்குவார்கள். ‘ஏனுங்கப்பா, மோட்டாரை மேலயே வெச்சுட்டு குழாயை மட்டும் நீளமா உட்டா ஆகாதுங்களா?’ என்று கேட்டால், ‘இழுக்காது கண்ணு’ என்பார். அதற்கு மேல் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பள்ளியில் வளிமண்டல அழுத்தம் 76 செ.மீ. பாதரசம் என்று படித்தேன், தேர்விலும் எழுதினேன். அந்த 76-க்கும் எங்கள் கிணற்று மேடைக்கும் உறவு உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. திருப்பூர் சிக்கண்ணா அரசு கல்லூரியில் இயற்பியல் படிக்கும்போது பேராசிரியர் ஒருவர் கரும்பலகையில் ஒரு பெருக்கல் போட்டார். பாதரசம் தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனம். 0.76-ஐ 13.6-ஆல் பெருக்கினால் 10.3. காற்றின் அழுத்தம் தண்ணீரை 10.3 மீட்டர் உயரத்துக்குத்தான் தள்ளி ஏற்ற முடியும். பம்பு காற்றை மட்டும்தான் வெளியே எடுக்கிறது, தண்ணீரை மேலே தள்ளுவது கிணற்றின்மேல் அழுத்திக்கொண்டிருக்கிற காற்று. குழாய் இணைப்பு, உராய்வு எல்லாம் போக நடைமுறையில் ஏழு மீட்டர் வந்தாலே பெரிது. அதனால்தான் மோட்டாரைக் கீழே இறக்கினார்கள். இன்றைக்குத் தண்ணீருக்குள்ளேயே இறங்குகிற சப்மெர்சிபிள் மோட்டார், கீழே இருந்து மேலே தள்ளுகிறது. அதனால் அது நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்தும் ஏற்றுகிறது.

அந்த ஒரு பெருக்கலுக்காக நான் கல்லூரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் அப்படிக் காத்திருக்கக் கூடாது. நான் பாடம் எடுக்கும் முறை முழுக்க இந்த ஆசையிலிருந்து வந்ததுதான்.

ஊரைச் சுற்றும்போது என்ன பார்ப்பது

ஒரு சாயங்காலம் போதும். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பிலிருந்து நடங்கள். எங்கள் பக்கத்தில் மோட்டார் வைண்டிங் கடையோ லேத் பட்டறையோ இல்லாத ஊர் அபூர்வம். பல்லடம், சோமனூர் என்றால் தறிக்குடோன். காங்கேயம் என்றால் கொப்பரைக் களமும் அரிசி ஆலையும். ஈரோடு, கோபி பக்கம் மஞ்சள் வேகவைக்கிற இடமும் கீழ்பவானி வாய்க்கால் மதகும். உடுமலைப் பக்கம் காற்றாலை. பார்த்த ஒவ்வொன்றுக்கும் நேரே எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று எழுதிக்கொள்ளுங்கள். கொப்பரையில் ஈரம் தங்கினால் ஏன் பூஞ்சை பிடிக்கிறது என்பது நுண்ணுயிரிகள் பாடம். தறியில் சுற்றுகிற தண்டு எப்படி முன்னும் பின்னுமான அசைவாக மாறுகிறது என்பது இயக்கம். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று, காற்றழுத்தப் பாடத்துக்குத் தானாக வந்து நிற்கிற உதாரணம். ஜன்னல் கதவு படபடவென்று அடிக்கிற நாளில் அந்தப் பாடத்தை வையுங்கள்.

இந்த ஊர்களில் ஏன் இத்தனை பட்டறைகள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1930களில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் கோவைக்கு இறங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு பஞ்சாலைகள் பெருகின, ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்யப் பட்டறைகள் வந்தன, பிறகு பம்புசெட்டு. சூலூர்ப் பக்கம் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937இல் ஒரு மின் மோட்டாரை உருவாக்கினார்கள். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஃபாரடே எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இதுவும்.

பிள்ளைகளின் வீட்டில் என்ன வேலை நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் வகுப்பில் எழுப்பிவிட்டு ‘உங்கப்பா என்ன வேலை?’ என்று கேட்காதீர்கள், சில பிள்ளைகளுக்கு அது கூச்சம். ‘எங்கள் வீட்டிலோ பக்கத்திலோ நான் பார்த்த ஒரு இயந்திரம், அது எப்படி ஓடுகிறது’ என்று அரைப் பக்கம் எழுதச் சொன்னால் போதும். ஓவர்லாக் மெஷின், காஜா பட்டன், பால் கறக்கிற இயந்திரம், தீவனம் வெட்டுகிற இயந்திரம் எல்லாம் வந்துவிடும். அந்த வருஷத்துக்கான உதாரணங்கள் உங்கள் கையில். திருப்பூரைச் சுற்றி இப்போது ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகளும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். தமிழில் கேள்வி கேட்டால் தலை குனிந்துகொள்ளும் பிள்ளைகூட, கையில் காந்தமும் ஆணியும் கொடுத்தால் முன்னால் வந்து நிற்கும். அந்தப் பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லுங்கள்.

முதலில் ஊகம், அப்புறம் சோதனை

சோதனை செய்துகாட்டுகிற ஆசிரியர்கள் நிறைய. செய்வதற்கு முன்னால் ‘என்ன ஆகும், சொல்லு’ என்று கேட்டு, பதிலைப் பெயரோடு கரும்பலகையில் எழுதுகிறவர்கள் குறைவு. என் அனுபவத்தில் பாடம் அங்கேதான் நடக்கிறது. ஊகம் சொன்ன பிள்ளைக்குச் சோதனையின் முடிவு தன் சொந்த விஷயம் ஆகிவிடும். சொல்லாத பிள்ளைக்கு அது வேடிக்கையோடு முடிந்துவிடும்.

அமிலம், காரம் பாடத்துக்கு நான் மஞ்சளில்தான் தொடங்குவேன். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பெருமையாகச் சொல்கிற பிள்ளைகளில் பலருக்கு மஞ்சள் ஒரு நிறங்காட்டி என்று தெரியாது. மஞ்சள் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, வெள்ளைப் பனியன் துணியில் பூசி, நிழலில் காயவைத்து, இரண்டு விரல் அகலத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். கட்டிங் வேஸ்ட் துணி எந்த வீட்டிலும் கிடைக்கும். ஆறு கொட்டாங்குச்சிகளில் எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், மோர், குடிநீர், துணி சோப்புக் கரைசல், தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, அடியில் படிந்த பிறகு மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். கண்ணில் பட்டால் கெடுதல். அதனால் அந்தக் கொட்டாங்குச்சி உங்கள் மேஜையிலேயே இருக்கட்டும்.

இப்போது ஊகம். எதில் நிறம் மாறும், என்ன நிறமாகும்? கேட்டுவிட்டு நில்லுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் ஆசிரியர்களின் கேள்விகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். பெரும்பாலான ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடிதான் பொறுத்திருந்தார்கள். அதை மூன்று நொடி ஆக்கினதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் மெல்ல மூன்று எண்ணுங்கள். முதல் பெஞ்சுப் பிள்ளையின் கை தூக்கியே இருக்கட்டும், அவசரமில்லை. யார் என்ன சொன்னாலும் தலையாட்டவோ சிரிக்கவோ கூடாது. உங்கள் முகத்தைப் பார்த்தே விடை கண்டுபிடிப்பதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.

பெரும்பாலும் எல்லோரும் எலுமிச்சையைத்தான் சொல்வார்கள், ‘புளிப்புதானுங்க டீச்சர் ஜாஸ்தி வேலை செய்யும்’ என்று. துணியை நனைத்தால் எலுமிச்சையில் ஒன்றும் ஆகாது. புளி, மோர், தண்ணீர், எதிலும் ஆகாது. சோப்பில் முக்கினதும் செங்கல் நிறம். சுண்ணாம்பில் முக்கினால் இன்னும் அடர்த்தியான சிவப்பு. அந்த நொடியில் வகுப்பில் எங்கிருந்தாவது ஒரு குரல் வரும்: ‘டீச்சர், ஆரத்தி!’ இன்னொரு பிள்ளைக்குத் தன் யூனிஃபார்மில் சாம்பார் கொட்டி, அம்மா சோப்புப் போட்டதும் சிவந்தது ஞாபகம் வரும். அலசினால் மறுபடி மஞ்சளானதும் ஞாபகம் வரும். சரி, சிவந்த துணியில் எலுமிச்சைச் சாறு விட்டால்? மறுபடி ஊகம், மறுபடி சோதனை. மஞ்சளாகத் திரும்பும்.

நிறைய பேர் இங்கேயே முடித்துக்கொள்வார்கள். முடிக்காதீர்கள். இதைக் கேளுங்கள்: ‘எலுமிச்சையிலும் நிறம் மாறல, தண்ணியிலும் மாறல. அப்ப ரெண்டும் ஒண்ணுதானா?’ வகுப்பு அமைதியாகும். ‘நாக்குல வெச்சுப் பாத்தா தெரியுமுங்க’ என்று ஒருவன் சொல்வான். சோதனைப் பொருளை வாயில் வைக்கக் கூடாது என்ற விதியைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. அப்புறம் ‘வேற எந்தப் பொருள் இதைக் காட்டிக்கொடுக்கும்?’ என்று கேட்டு, மறுநாளுக்கு வேலியில் பூத்திருக்கிற சங்குப்பூவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சுடுதண்ணீரில் போட்டால் நீலச் சாறு இறங்கும். எலுமிச்சையில் அது ஊதா கலந்த சிவப்பு, சோப்பில் பச்சை, நல்ல தண்ணீரில் நீலம். மூன்றும் மூன்று நிறம். ஒரு நிறங்காட்டி எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பது இப்போது பிள்ளையின் கையில் இருக்கிறது. லிட்மஸ் தாளையும் புத்தகத்தையும் இதற்குப் பிறகு எடுங்கள். அரை மணி நேரத்தில் அந்தப் பாடப்பகுதி முடிந்துவிடும். பிள்ளைகள் வரிக்கு வரி ‘இது நம்ம செஞ்சது’ என்று அடிக்கோடு போடுவார்கள்.

மோட்டார்

எனக்கு ரொம்பப் பிடித்த வகுப்பு இது. வைண்டிங் கடையில் 22 அல்லது 24 கேஜ் எனாமல் கம்பி, அதாவது மின்சாரம் கடத்தாத பூச்சுள்ள செம்புக் கம்பி, கேளுங்கள். மிச்சத் துண்டுகளைப் பெரும்பாலும் காசு வாங்காமலே கொடுப்பார்கள். ஒரு பெரிய டார்ச் செல், இரண்டு ஊக்கு, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம், சைக்கிள் டியூபிலிருந்து வெட்டின ரப்பர் வளையம். இவ்வளவுதான் சாமான்.

கம்பியை டார்ச் செல்லின் மேலேயே பத்துச் சுற்றுச் சுற்றி, கழற்றி, இரண்டு முனைகளும் எதிரெதிர்ப் பக்கமாக நேராக நீட்டிக்கொண்டிருக்கும்படி சுருளை இறுக்கிக் கட்டுங்கள். ஊக்குகளைச் செல்லின் இரண்டு முனைகளிலும் ரப்பரால் கட்டினால், அவற்றின் வளையம் மேலே தாங்கியாக நிற்கும். காந்தம் செல்லின்மேல், சுருள் அதற்கு மேலே. இனி முக்கியமான இடம், எனாமலைச் சுரண்டுவது. ஒரு முனையில் சுற்றிலும் சுரண்ட வேண்டும். மறுமுனையில் மேல்பாதியை மட்டும். சுருளைச் செங்குத்தாகப் பிடித்து, அந்த முனையை மேஜையில் வைத்து, மேலே தெரிகிற பக்கத்தை மட்டும் பிளேடால் வழித்துவிடுங்கள். பிளேடு உங்கள் கையில் இருக்கட்டும், பிள்ளைகளுக்கு உப்புத்தாள் போதும்.

‘ரெண்டு பக்கமும் முழுசாச் சுரண்டினா என்னங்க டீச்சர்?’ என்று கேட்காத வகுப்பு இல்லை. பதில் சொல்லாதீர்கள், அப்படியும் ஒன்று செய்யச் சொல்லுங்கள். அது பாதி சுற்றி, நின்று, பின்னால் வந்து, நடுங்கிக்கொண்டே இருக்கும். பாதிச் சுற்றுக்குப் பிறகு காந்தம் அதே சுருளை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. பாதிச் சுரண்டலில் அந்த நேரத்துக்கு மின்சாரம் நின்றுவிடுவதால், சுருள் வந்த வேகத்திலேயே மறுபாதியைக் கடக்கிறது. திசைமாற்றி என்று புத்தகத்தில் வருகிற உறுப்பு எதற்கு என்பது இந்த நடுக்கத்தைப் பார்த்த பிள்ளைக்குச் சட்டென்று விளங்கும்.

முதல் தடவை பாதி பெஞ்சுகளில் ஓடாது. நீங்கள் கை வைக்காதீர்கள். விரலால் லேசாகத் தட்டிவிட்டார்களா, எனாமல் சரியாக வழிந்திருக்கிறதா, சுருள் ஒரு பக்கம் கனமாக இருக்கிறதா என்று கேள்வியாக மட்டும் கேளுங்கள். சுருள் நின்றபடி மின்சாரம் பாய்ந்தால் செல்லும் கம்பியும் சுடும். ஓடாதபோது கழற்றி வைக்கச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த வாரம் வைண்டிங் கடைக்காரரை வகுப்புக்கு அழையுங்கள். தலைமை ஆசிரியரிடம் முன்னாலேயே அனுமதி வாங்கிவிடுங்கள். ‘ஏனுங்கண்ணா, ஒரு மணி நேரம் வந்துட்டுப் போக முடியுங்களா? எரிஞ்ச மோட்டார் ஒண்ணு எடுத்துட்டு வாங்க’ என்று கேட்டபோது, எங்கள் ஊர்க் கடைக்காரர் முதலில் தயங்கினார். ‘நான் எட்டாவதுதானுங்க டீச்சர், நான் போயி என்னத்தச் சொல்றது?’ வந்தார். கருகின காயிலை மேஜையில் வைத்தார். அந்த வாசனை வகுப்பெல்லாம் பரவியது. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரிந்த வாசனை. ஒரு பெண் கேட்டாள்: ‘வோல்டேஜ் கம்மியா வந்தா மோட்டார் மெதுவாத்தானுங்க ஓடோணும், எதுக்குப் புகையுது?’ அவர் சொன்னார்: ‘தூக்கற தண்ணி அதேதான கண்ணு. வோல்டேஜ் கொறஞ்சா கரண்ட ஜாஸ்தி இழுக்கும். சூடாயி எனாமல் உரிஞ்சு, கம்பியும் கம்பியும் ஒட்டிக்கும். அவ்வளவுதான்.’

நான் அவர் சொன்னதைப் பக்கத்திலேயே கணக்காக எழுதினேன். திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினது. வேலை குறையாமல் மின்னழுத்தம் மட்டும் குறைந்தால் மின்னோட்டம் ஏறியே ஆக வேண்டும். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. ஜூல் விதியை அந்த வகுப்பு மறக்கவே இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே ஸ்டார்ட்டர் பெட்டியில், மின்னோட்டம் அதிகமானால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோடு ரிலே எங்கே இருக்கிறது என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். கேட்பதோடு நிறுத்த வேண்டும், பெட்டியைத் திறக்கவோ தொடவோ கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்.

இயற்பியல் படித்தவர் உயிரியல் எடுக்கும்போது

பத்தாம் வகுப்பு வரை ஒரே ஆள்தான் எல்லாப் பிரிவும் எடுக்க வேண்டும். உயிரியல் பாடம் வரும்போது நான் காட்டுக்குத்தான் போவேன். ஆடிப் பட்டத்தில் விதைத்த கடலைச் செடி ஆவணிக் கடைசியில் பார்க்கிற பக்குவத்தில் இருக்கும். தோட்டக்காரரிடம் கேட்டு நான்கைந்து செடிகள் மட்டும், களைக்கொத்தால் சுற்றி மண்ணைத் தளர்த்தி, வேர் அறாமல் எடுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே நின்றுவிடும். வேரைத் தண்ணீரில் மெல்ல அலசினால் கடுகு அளவில் உருண்டைகள் தெரியும். நகத்தால் ஒன்றைக் கிள்ளச் சொல்லுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு. ‘டீச்சர், வேருக்குள்ள ரத்தமுங்க!’

அந்தப் பேச்சு தப்பில்லை, பிடித்துக்கொள்ளுங்கள். அந்த நிறம் லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினுக்குச் சொந்தம். முடிச்சுக்குள் இருக்கிற ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. அந்த வேலையைச் செய்கிற நொதிக்கு ஆக்சிஜன் அதிகம் ஆகாது. லெக்ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு அளவாக விடுகிறது. உள்ளே சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது, சாம்பலோ பச்சையோ என்றால் அதன் காலம் முடிந்துவிட்டது. இனி வீட்டுக்குப் போய் அப்பாருவிடமோ அமுச்சியிடமோ (தாத்தா, பாட்டியிடம்), சோளத்தோடு தட்டைப்பயறு ஏன் கலந்து விதைத்தார்கள் என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.

தாராபுரம், காங்கேயம் பக்கத்தில் வேலை கிடைத்தவர்களுக்கு உணவுச் சங்கிலிப் பாடத்தைக் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், எடுக்கிற யோகம் இருக்கிறது. கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப்புல், மேய்கிற செம்மறியும் மாடும். ஆடு தின்ற வெள்வேலங்காயின் விதை புழுக்கையோடு விழுந்து முளைப்பதைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

உச்சிவேளை பன்னிரண்டு மணிக்கு இல்லை

நம் பகுதி ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் வருஷத்தில் இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும், ஏப்ரல் 19-ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் 24-ஐ ஒட்டி ஒன்று. ஊருக்கு ஊர் ஓரிரு நாள் முன்பின் ஆகும். ஏப்ரலில் தேர்வு, ஆகஸ்டில் மேகம். மேகம் வந்தால் விட்டுவிடுங்கள். இந்தச் சோதனையை வெயில் அடிக்கிற எந்த நாளிலும் செய்யலாம். மைதானத்தில் ஒரு குச்சியை நட்டு, கொத்தனாரின் தூக்குக்குண்டை வைத்து நேராக இருக்கிறதா என்று சரிபாருங்கள். பதினொன்றே முக்காலிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழலின் முனையில் ஒரு கூழாங்கல்லை வைக்கச் சொல்லுங்கள். ‘எத்தனை மணிக்கு நிழல் ரொம்பக் குட்டையாகும்?’ எல்லோரும் பன்னிரண்டு என்பார்கள். பன்னிரண்டுக்கு மேலும் நிழல் குறையும். ஏப்ரல், ஆகஸ்டில் பார்த்தால் பன்னிரண்டு இருபதைத் தாண்டித்தான் திரும்பும். மாதத்துக்கு மாதம் சில நிமிஷம் மாறும்.

நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. திருப்பூர் இருப்பது ஏறத்தாழ 77.3 பாகையில். பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிஷம். மீதியைப் பிள்ளைகளே பெருக்கிக்கொள்வார்கள். குட்டை நிழல் விழுந்த கோடு வடக்கு தெற்கு. காந்த ஊசியைப் பக்கத்தில் வைத்து ஒத்துப்பாருங்கள்.

தண்ணீர்

போர் தண்ணீர், மழைத்தண்ணீர், குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீர் மூன்றையும் ஒரே மாதிரி பாட்டிலில் ஒரே அளவு எடுத்து, துணி சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கச் சொல்லுங்கள். எத்தனை சொட்டில் நுரை நிற்கிறது என்று எண்ண வேண்டும். ஷாம்பூவோ வாஷிங் பவுடரோ வேண்டாம், அவை கடினநீரிலும் நுரைக்கும், சோதனை கெட்டுவிடும். நாம் உப்புத் தண்ணீர் என்கிற கடினநீரில் நுரைக்குப் பதில் வெள்ளையாகத் திரியும். அதுதான் சோப்பு கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்து உண்டான கசடு.

நொய்யல் ஆற்றின் பேச்சும் இந்தப் பாடத்தில் வரும். ஒதுக்காதீர்கள். அதன் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டின ஒரத்துப்பாளையம் அணை 1992இல் திறக்கப்பட்டது, சில வருஷங்களிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமாகிவிட்டது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை வெளியே விடாத ஏற்பாடு செய்யும் வரை திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. உங்கள் வகுப்பில் சாய ஆலையில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளும் இருப்பார்கள், தண்ணீர் கெட்டுப் பண்ணையத்தை விட்டவர்களின் பிள்ளைகளும் இருப்பார்கள். அதனால் யார் குற்றம் என்று தொடங்க வேண்டாம். அளவிலிருந்து தொடங்குங்கள். ஒரு லிட்டர் போர் தண்ணீரைச் சுத்தமான பாத்திரத்தில் வற்றக் காய்ச்சி, மிஞ்சுகிற வெள்ளைப் பொடியை எடை போடுங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். 2000 என்றால் இரண்டு கிராம், கண்ணால் பார்க்கலாம். சாயம் போடும்போது எதற்கு உப்புச் சேர்க்கிறார்கள், கொதிக்கவைத்தால் உப்பு ஏன் ஆவியாகப் போவதில்லை, சவ்வு வழியாகத் தண்ணீரை மட்டும் எப்படித் தள்ளுகிறார்கள் என்று கேள்விகள் தானாக வரும். ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இதை ஒரு மாத வேலையாக வைத்துக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கும் அனுப்பலாம்.

மதிப்பெண்ணும் நோட்டும்

‘இதெல்லாம் சரிங்க டீச்சர், மார்க் வருமுங்களா?’ என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பத்தாம் வகுப்பில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. நான் பின்பற்றும் வரிசை இது. சோதனை முடிந்ததும், பார்த்ததைப் பிள்ளை தன் பேச்சிலேயே நோட்டின் இடது பக்கம் எழுத வேண்டும். ‘கம்பி சூடாயிருச்சு’ என்று இருந்தாலும் திருத்த மாட்டேன். பாடம் வாசித்த பிறகு, அதே விஷயத்தைப் புத்தகத்தின் கலைச்சொற்களோடு வலது பக்கம் எழுத வேண்டும். தேர்வுக்குப் படிக்கிறபோது வலது பக்கம் மறந்தால் இடது பக்கம் கைகொடுக்கும். ஒரு மதிப்பெண் கேள்விகளைப் பிள்ளைகளே தயாரிக்கட்டும், தப்பான மூன்று விடைகளை யோசிக்கிறபோதுதான் சரியான விடை உறுதிப்படுகிறது. படம் தினமும் ஒன்று, ரப்பர் இல்லாமல். நேரம் போதாத மாதங்களில் நான் சோதனையைக் குறைப்பதில்லை, நோட்டில் பத்தி பத்தியாகப் பார்த்து எழுதுகிற வேலையைத்தான் வெட்டுவேன்.

தெரியாத கேள்வி வந்தால் கரும்பலகையின் வலது ஓரத்தில் கேட்டவர் பெயரோடு எழுதி வையுங்கள், விடை கிடைக்கும் வரை யாரும் அழிக்கக் கூடாது. ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 2022இல் தொடங்கிய, அறிவியல், கணிதச் சோதனைகளைச் செய்துகாட்டும் அரசுத் திட்டமான வானவில் மன்றத்தின் கருத்தாளர் பள்ளிக்கு வரும்போது, அந்தக் கேள்விகளை அவரிடமும் நீட்டுங்கள்.

கடைசியாகச் சாமான் பெட்டி. மூடி இருக்கிற ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும். ஸ்பீக்கர் காந்தம், எனாமல் கம்பி, ஊக்கு, நூல் கோன், லேத்தில் கிடைத்த நட்டுகள், மூன்று மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் டியூப், தூக்குக்குண்டு, சொட்டு மருந்துப் பாட்டில்கள், மஞ்சள் துணி. நட்டை நூலில் கட்டி, தொங்கும் இடத்திலிருந்து நட்டின் நடு வரை 25 செ.மீ. வைத்தால் அலைவுநேரம் ஒரு நொடி, ஒரு மீட்டர் வைத்தால் இரண்டு நொடி. அதனால் நிறுத்துகடிகாரம் தனியாக வாங்க வேண்டியதில்லை. மஞ்சள் துணி வெளிச்சத்தில் வெளுத்துவிடும், பருவத்துக்கு ஒரு தடவை புதிதாகப் பூசுங்கள். டார்ச் செல்லை மட்டும் பெட்டியில் போடாமல் மேஜை இழுப்பறையில் வையுங்கள். கம்பியோ ஆணியோ அதன் இரண்டு முனையிலும் பட்டால் செல் சூடாகி ஒழுகிவிடும்.